கார்டைப் பிடுங்காதீங்க
(குழுக் கணக்காளர்கள் கூட்டத்தில் பேசியது)

நம்ம கூட்டமைப்பு லேப்டாப்பின் ஓரத்துல இருக்கிற இடுக்கு எதுக்குன்னு போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க. மெமரி கார்டு போடத்தான். செல்போன் கார்டு நகத்தளவு இருக்கும்; அதை அடாப்டருக்குள் செருகிப் போடணும். அடாப்டரின் பக்கத்தில் சின்னதா ஒரு தள்ளுபொத்தான் உண்டு. அது ‘லாக்’ பக்கம் இருந்தால் படிக்கலாம், எழுத முடியாது. கார்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க!

காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும் உள்ளே எழுதுவது முடியாமல் இருக்கலாம். ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே எடுக்கணும். ஒருமுறை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நானே பிடுங்கிட்டேன். மறுநாள் போட்டால், ‘ஃபார்மட் பண்ணட்டுமா?’ என்று கேட்டது. யோசிக்காமல் சரி கொடுத்தேன். பதினோரு குழுக்களின் கடன் விவரம் போச்சு. லேப்டாப்பில் நகல் வைக்கலை. பேரேட்டு நோட்டு இருந்ததால் பிழைத்தோம். திரும்ப ஏற்ற மூன்று நாள் ஆச்சு.

அந்தக் கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ கொடுங்க. அதில் புதிதாக எதையும் ஏற்றாமல் என்னைக் கூப்பிடுங்க. மீட்க வழி இருக்கலாம். கார்டு எடுத்துப்போகத்தான், கணக்கு லேப்டாப்பிலும் இருக்கணும்.

சரி, முதல் குழு அக்கா வாங்க, நீங்களே செருகி எடுத்துப் பாருங்க.