மூச்சும் மாத்திரையும்

(தேவதானப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவு)



மஞ்சளாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அன்னை மூங்கிலணை காமாட்சியின் திருமுன்னர், திருமூலர் பெருமானைப் பற்றிப் பேசுமாறு அடியேனைப் பணித்திருக்கின்றார்கள். அவர் அருளிய திருமந்திரம் பத்தாம் திருமுறையாகும். அதன் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது, இயமம் முதல் சமாதி ஈறாக உள்ள அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. இதனை மாணாக்கர்க்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் யான்.

ஆயினும் அன்னையின் சந்நிதியில் உண்மையை மறைத்தல் தகாது. பத்மாசனத்தின் இலக்கணத்தை ஒரு மணி நேரம் விளக்கவல்ல எனக்குத் தரையில் சம்மணமிட்டு அமர இயலாமற்போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்திருக்கோயிலிலும் தூணோரம் நின்றே வழிபட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள மண்டபமொன்றில் காலை வேளையில் யோகாசன வகுப்புத் தொடங்கினார்கள். "ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, ஒருநாள் போய்ச் செய்துதான் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. போனேன். 'நாம் அறியாததை இவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?' என்னும் செருக்கும் கூடவே வந்தது. ஆசிரியை என் பெயர்த்தி வயதுடைய பெண். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பாயில் அமர முற்பட்டேன். வலக்கால் பாதி மடங்கியது. இடக்கால் அதற்கும் இசையவில்லை. அருகிலிருந்த இளைஞர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

அப்பெண் ஒரு நாற்காலியைக் கொணர்ந்து, "ஐயா, முட்டியை வருத்தாதீர்கள். இதில் உட்காருங்கள். முதுகு நேராக இருந்தால் போதும்" என்றாள். நாணினேன். ஆனால், நிலையாகவும் இனிதாகவும் அமர்வதே ஆசனம் என்பதன்றோ பதஞ்சலி முனிவர் கருத்து? திருமூலரும் பத்திரம், கோமுகம், பங்கயம் என ஆசனங்களை எண்ணுமிடத்தில் சுகாதனத்தையும் வைத்தார். அதில் உள்ள 'சுகம்' என்னும் சொல்லை அத்தனை ஆண்டுகளும் பொருள் சொல்லிக் கடந்தேனேயன்றி, ஒரு நாளும் நின்று பார்த்தேனில்லை.

பின்னர் மூச்சுப்பயிற்சி. பதினாறு மாத்திரை உள்ளிழுத்தல் பூரகம், அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தல் கும்பகம், முப்பத்திரண்டு மாத்திரை விடுதல் இரேசகம் என்பது திருமூலர் கூறும் அளவு. "அம்மா, அவ்வாறு செய்யலாமா?" என்று என் புலமை தோன்றக் கேட்டேன். "அது குருவின் அருகிருந்து நெடுநாள் பயின்றவர்களுக்கு, ஐயா. உங்களுக்கு இரத்த அழுத்தம் உண்டு என்றீர்கள். மூச்சை நிறுத்தவே வேண்டா. நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள்" என்றாள். ஆறு எண்ணுவதற்குள் எனக்கு மூச்சு முடிந்துவிட்டது!

மாத்திரை என்பது யாது? இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுது, அல்லது கைநொடிக்கும் பொழுது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. எத்தனை வகுப்புகளில் கைநொடித்துக் காட்டியிருப்பேன்! எழுத்தை அளந்த அந்த நொடியால் என் மூச்சை நான் அளந்து பார்த்தது அன்றுதான். விரல் நொடிக்க நொடிக்க, ஐந்தாவது நாள் ஆறு எண்ணிக்கை நிறைந்தது.

இறுதியில் சவாசனம். எழுபதைக் கடந்தவனைப் பிணம்போற் கிடக்கச் சொன்னால் மனம் சற்றே திடுக்கிடத்தான் செய்கிறது. கண்களை மூடிக் கிடந்தேன். தெருவில் பால்காரரின் மணியோசை. எங்கோ குக்கர் விசில். அவை காதில் விழுந்தும் மனம் அவற்றின் பின்னே ஓடவில்லை. புலன்களை உள்ளே மடக்குவதைப் பிரத்தியாகாரம் என்பர். அதனை எய்திவிட்டேன் என்று சொல்ல நா கூசுகிறது. வாயிலின் நிழலை மட்டும் கண்டேன் எனலாம்.

அப்பொழுது இத்தலத்து அன்னையே நினைவுக்கு வந்தாள். இங்கே அடைத்த கதவுக்கன்றோ பூசை? பிற தலங்களில் திரை விலகும்வரை காத்திருக்கின்றோம். இங்கே கதவு திறவாமலே கற்பூர ஆரத்தி நிகழ்கிறது, கண்ணீர் பெருகுகிறது. சிறுவயது முதல் அக்கதவைப் பார்த்து, 'உள்ளே என்ன இருக்கும்?' என்றே எண்ணி வந்தேன். இப்பொழுது அதன்முன் நின்றால் கண்ணை மூடிக்கொள்கிறேன். நான்கு எண்ணி இழுக்கிறேன், ஆறு எண்ணி விடுகிறேன்.

முழங்கால் இன்னும் முழுதும் மடங்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஒரு மணையை இட்டுக் கதவின்முன் அமர்ந்தேன். எழும்பொழுது மட்டும், பக்கத்தில் இருந்த ஓர் அம்மையார் கைகொடுத்தார்.