விடுப்பில் வந்த போர்வீரர்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்குச் சௌரங்கிச் சாலையைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைதானத்துக் காற்று வாங்க அப்பக்கம் செல்லாதவர் யார்? அதே சாலை 1944-ஆம் ஆண்டில் எவ்வாறு இருந்தது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். விக்டோரியா மண்டபத்தின் வெண்பளிங்கு, பகைவரின் விமானங்களுக்குப் புலப்படாதிருக்கும் பொருட்டுக் கரிய பூச்சுப் பூண்டிருந்தது. ரெட் ரோடு போர் விமானங்கள் இறங்கும் தளமாகிவிட்டது. எங்கு நோக்கினும் காக்கி உடை. பர்மா எல்லையில் போரிட்ட பிரிட்டிஷ், இந்திய, ஆப்பிரிக்க, அமெரிக்கப் படையினர் பலருக்கும் ஓய்வு நகரம் அன்று கல்கத்தாவே.

இம்பாலிலும் கொஹிமாவிலும் மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கிற் கிடந்தவன் சில நாள் விடுப்பில் இங்கு வந்து இறங்குகிறான். பையில் செலவழியாத சம்பளம். அதட்டுவதற்கு ஹவில்தார் இல்லை. தன்னை அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். நேற்றுவரை கொல்வதையே கடமையாகப் பழகிய கை, ரயிலை விட்டு இறங்கியதும் சாதுவாகிவிடுமா? பெரும்பாலோர் திரைப்படம் பார்த்து, வீட்டுக்குக் கடிதம் எழுதித் திரும்பியவர்களே. ஆயினும் குடிவெறி, கைகலப்பு, ரிக்ஷாக்காரனுக்குக் கூலி மறுத்தல், பெண்டிரிடம் வரம்பு மீறுதல் ஆகியவை இந்நகரம் அறியாதவை அல்ல. பட்டாள லாரிகளுக்கு இரையானோரும் உண்டு. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நடைபாதையிலேயே மக்கள் மடிந்த ஊர் இது என்பதையும் மறத்தலாகாது. தம் உணவைப் பகிர்ந்தளித்த சிப்பாய்களும் அதே தெருக்களில்தான் நடந்தார்கள்.

படைத்தலைமை வாளாவிருக்கவில்லை. மிலிட்டரி போலீசார் ரோந்து வந்தனர். சில தெருக்கள் படையினர் நுழையலாகாத இடங்களாக விலக்கப்பட்டன. அமெரிக்கப் படை 1945-இல் ‘கல்கத்தா கீ’ என்ற கைந்நூலையும் தன் வீரர்க்கு வழங்கியது. நகரைச் சுற்றிப் பார்க்கவும், இவ்வூர் மக்களிடம் நடந்துகொள்ளும் முறையை அறியவும் அது உதவிற்று. நல்ல முயற்சிதான். ஆனால் அதே படை தன் கறுப்பின வீரர்களுக்குத் தனி விடுதி ஒதுக்கிப் பிரித்து வைத்திருந்தது. பிறரை மதிக்கக் கற்பித்தவர்கள் தம்மவரை நடத்திய விதம் இது!

இவற்றினும் முக்கியமானது சட்டம். 1942-இல் பிறந்த அவசரச் சட்டம் ஒன்று, இந்நாட்டில் குற்றம் புரியும் அமெரிக்கப் படையினரை விசாரிக்கும் அதிகாரத்தை அவர்தம் இராணுவ நீதிமன்றங்களிடமே விட்டது. அங்கே தண்டனை கிடைக்காது என்பதன்று, கடுந்தண்டனையும் கிடைத்ததுண்டு. ஆனால் அடிபட்ட ரிக்ஷாக்காரன் எந்த முகாமின் வாயிலில் போய் நிற்பான்? எந்த மொழியிற் சாட்சி சொல்வான்? அதற்குள் அந்தப் படைப்பிரிவு அஸ்ஸாமுக்குத் திரும்பிவிட்டால்? தான் கண்ணாற் காணாத நீதியை ஏழை எங்ஙனம் நம்புவான்? 1945 நவம்பரிலும் 1946 பிப்ரவரியிலும் இந்நகரில் இராணுவ லாரிகள் கொளுத்தப்பட்டன. இந்திய தேசிய இராணுவத்தினர் மீதான விசாரணையே அதற்குக் காரணம். எனினும் அந்நெருப்பில் நெடுநாளைய லாரிக் கோபமும் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

சுதந்திர இந்தியாவின் இராணுவச் சட்டம் 1950-ஆம் ஆண்டினது. விடுப்பில் உள்ள வீரன், படையைச் சேராத ஒருவரைக் கொன்றாலும், ஒரு பெண்ணைக் கற்பழித்தாலும், அவனை விசாரிப்பது பொது நீதிமன்றமே என்று அதன் 70-ஆவது பிரிவு கூறுகிறது. போர்ப்பணிக் காலம், வெளிநாடு, எல்லைக் காவலிடம் ஆகியவை மட்டுமே விலக்கு. ஏனைய குற்றங்களை இரு நீதிமன்றங்களில் எதுவும் விசாரிக்கலாம். பணியில் இல்லாதபோது குடித்துத் தள்ளாடுவதும் குற்றமே.

நம் தமிழ்நாட்டு இளைஞர்களை வாட்டுவதோ பெரும்பாலும் வேறொரு குற்றம்: விடுப்பு முடிந்தும் திரும்பாமை. வடகிழக்கு எல்லையிலிருந்து ஹௌரா வழியாகத் தென்னாடு சேரவே நாட்கள் பல கழிகின்றன. தாய் நோயுற்றிருப்பாள், தங்கையின் திருமணம் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும். “நாலு நாள் கழித்துப் போனால் என்னடா?” என்று வீட்டுப் பெரியவரே சொல்லிவிடுவார். போதிய காரணமின்றித் தங்கிவிட்டால் 39-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. 30 நாள் கடந்தால் விசாரணைக் குழு கூடி, அவன் வராமையைப் பதிவு செய்யும். அதன் பின்னும் திரும்பாதவன் ஓடிப்போனவனாகவே கொள்ளப்படுவான். விடுப்பு முடியுமுன்பே காரணத்தைத் தன் படைப்பிரிவுக்கு எழுதி, நீட்டிப்புக் கோர அவனுக்கு வழியுண்டு. ஹௌராவில் வண்டி தவறிய சிப்பாய் எவரேனும் நம் வீட்டில் ஓரிரவு தங்க நேர்ந்தால், அந்தக் கடிதத்தை எழுதிவிட்டாயா, தம்பி என்று நாம் அவரைக் கேட்கலாம்.