கேள்வி வரட்டும், பிறகு பதில்



கங்கைகொண்டான் எல்காட் வளாகம், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோ அலுவலகம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். அந்த வேலையில் ஒரு சின்ன நுணுக்கத்தை இன்று பார்ப்போம்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றுக்குள்ளும் எஸ்.எஸ்.எச். வழியாகப் போக வேண்டும். "முன்பின் தெரியாத கம்ப்யூட்டர், தொடரலாமா?" என்று திரை கேட்கும். 'யெஸ்' என்று அடித்ததும் பாஸ்வேர்டு கேட்கும். நாற்பது தடவையும் இதே கேள்விகள், இதே பதில்கள்.

பதில்களை ஒரு கோப்பில் எழுதி மொத்தமாக உள்ளே தள்ளிவிடலாமே என்று தோன்றும். நடக்காது. எஸ்.எஸ்.எச். அப்படி வரும் பாஸ்வேர்டை வாங்காது. ஆள் தட்டும் திரையிலிருந்துதான் கேட்டு வாங்கும்.

இது போன்ற சிக்கலுக்கு வழி கண்டவர் டான் லைப்ஸ். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்தவர். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 1990-இல் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை வெளியிட்டார். அது ஒரு போலித் திரையை உண்டாக்கும். எதிரே இருப்பது ஆள்தான் என்று எஸ்.எஸ்.எச். போன்ற நிரல் நம்பிவிடும். இதில் முக்கியமான கட்டளைகள் மூன்று. 'ஸ்பான்' நிரலைத் தொடங்கும். 'எக்ஸ்பெக்ட்' கேள்வி வரும்வரை காத்திருக்கும். 'சென்ட்' பதிலை அனுப்பும்.

கோளாறு வருவது அந்தக் காத்திருப்பில்தான். எதிர்பார்த்த கேள்வி பத்து விநாடிக்குள் வராவிட்டால், நாம் வேறு ஏற்பாடு செய்திராத பட்சத்தில், இந்தக் கட்டளைகளால் ஆன ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். கேட்காத கேள்விக்குப் பதில் போகும். பாஸ்வேர்டு எல்லோரும் பார்க்கும்படி திரையில் வந்து விழவும் கூடும். மறுவீட்டு விருந்தில் சொதி ஊற்றுகிறவர் இலையைப் பார்த்துத்தானே ஊற்றுவார்? ஸ்கிரிப்ட்டுக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

இன்னொன்று, 'தொடரலாமா?' என்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' சொல்ல ஸ்கிரிப்ட்டைப் பழக்கக் கூடாது. எதிரே இருப்பது போலிக் கம்ப்யூட்டராக இருந்தால், பாஸ்வேர்டை நாமே கொண்டுபோய்க் கொடுத்தது போல ஆகிவிடும்.

ஆகவே, இந்த வேலை கற்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று வார்த்தை. எஸ்.எஸ்.எச். சாவி வைத்து நுழைய முடிந்தால் பாஸ்வேர்டே வேண்டாம். நிரலிலேயே கேள்வியைத் தவிர்க்க வசதி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மட்டும் எக்ஸ்பெக்ட்டை எடுங்கள். அதிலும், தெரியாத கேள்வி வந்தால் அங்கேயே நின்றுவிடச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள்.