செவியில் சேரும் ஒலியும் மனத்தில் சேரும் மொழியும்

(மெல்போர்னில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணிபுரிபவன். செவித்திறன் குறைந்த குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தகவல் திரட்டித் தரும் பணியில் தன்னார்வத் தொண்டனாக இருக்கின்றேன். அப்பணியின்போது ஒரு தாய் தம் மகளின் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் காட்டினார். அச்சிறுமிக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்தப்பட்டுள்ளது. சொல்வதெழுதுதலில் 'மணம்' என்பதை 'மனம்' என்றும், 'களை' என்பதைக் 'கலை' என்றும் எழுதியிருந்தாள். 'கவனம் போதாது' என்று கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு. "ஆங்கிலம் மட்டும் போதும் என்று தமிழை நிறுத்திவிடலாமா?" என்று அத்தாய் கேட்டார்.

நிறுத்த வேண்டாம் என்பதே என் விடை. அதற்கான காரணத்தை அக்கருவி இயங்கும் முறையிலிருந்தே விளக்க விரும்புகின்றேன்.

நத்தை வடிவிலான நம் உட்செவியில், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்ணிய மயிர்செல்கள் ஏறத்தாழ 3,500 உள்ளன. அவை பழுதுற்றால் ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் பயன் குறைவு. காக்ளியர் இம்பிளாண்ட் அவற்றைக் கடந்து, மின்துடிப்புகளால் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. ஆனால் அதிலுள்ள மின்முனைகள் 12 முதல் 22 வரை மட்டுமே.

நாம் வாழும் இந்த மெல்போர்ன் நகரில்தான் பேராசிரியர் கிரேம் கிளார்க் தம் குழுவினர் உருவாக்கிய பல மின்முனைக் கருவியை 1978ஆம் ஆண்டு முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். 1980களின் தொடக்கத்தில் வந்த ஒலிச் செயலிகள், பேச்சின் சில கூறுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பின. அமைதியான அறையில் அது உதவியது. இரைச்சலில் செயலியின் கணிப்பு தடுமாறியது.

1991இல் அமெரிக்காவின் பிளேக் வில்சன் குழுவினர் வேறொரு வழியை வெளியிட்டனர். பேச்சின் கூறுகளைச் செயலி தேர்ந்தெடுக்க முற்படாமல், ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் வலிமை ஏறி இறங்கும் போக்கை மட்டும் அளந்து, அதற்குரிய மின்முனைக்கு மின்துடிப்புகளாக அனுப்பும். இரு மின்முனைகள் ஒரே கணத்தில் துடிக்காதபடி அவற்றை மாறிமாறி இயக்கும். பேச்சுப் புரிதல் பெரிதும் உயர்ந்தது. கிளார்க், வில்சன், ஆஸ்திரியாவின் இங்கபோர்க் ஹோக்மைர் ஆகிய மூவருக்கும் 2013இல் லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது.

இத்தனை குறைந்த தகவலில் பேச்சு எப்படிப் புரிகிறது? 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமைதியான சூழலில் நான்கு பட்டைகளின் ஏற்ற இறக்கமே சொற்றொடர்களைப் புரிந்துகொள்ளப் பெரும்பாலும் போதும் எனக் காட்டியது. மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ஒரு தடை உண்டு. மின்னோட்டம் உட்செவியின் திரவத்தில் பரவி, அருகிலுள்ள நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. தடித்த கையுறை அணிந்து ஆர்மோனியம் வாசிப்பவரின் விரல் பக்கத்துக் கட்டையையும் அழுத்துவதைப் போன்றது இது. ஆகவே 22 மின்முனைகள் இருந்தும், தனித்தனியாகப் பயன்படுபவை ஏறத்தாழ எட்டு எனலாம். பலர் ஒருங்கே பேசினால் குரல்கள் கலந்துவிடுவதும், இசையின் சுருதி தெளிவுறாததும் இதனால்தான்.

இப்போது நம் மொழிக்கு வருவோம். இக்கருவி கால அளவை நன்றாகக் காட்டும். அதிர்வெண்ணின் நுட்பத்தை மங்கலாகவே காட்டும். 'கல்', 'கால்' என்னும் குறில் நெடில் வேறுபாடும், 'படம்', 'பட்டம்' என்னும் ஒற்று இரட்டிப்பும் கால அளவைச் சார்ந்தவை. அவற்றை அச்சிறுமி பிழையின்றி எழுதியிருந்தாள். ன, ண வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் அதிர்வெண் நுட்பத்தைச் சார்ந்தவை. நன்கு கேட்கும் நம்மிலேயே பலர் தடுமாறும் இடம் அது. அவள் எழுதிய பிழைகள் கருவியின் எல்லையைக் காட்டுகின்றனவே அன்றி, அவளது கவனக்குறைவை அன்று.

இக்கருவிக்கு மொழி தெரியாது. ஆங்கிலமும் தமிழும் அதற்கு ஒன்றே. இடைவெளிகளை நிரப்புவது மூளை. அதற்குத் தேவை, அன்போடும் பொருளோடும் நாள்தோறும் செவியில் விழும் பேச்சு. தமிழில் சரளமாகப் பேசும் தாய், தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசத் தொடங்கினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துபோகும். இளவயதில் கருவி பொருத்தப்பட்டு, முறையான பயிற்சியும் பெறும் குழந்தைகள் இரு மொழிகளையும் கற்க இயலும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆசிரியர்களுக்குச் சில வேண்டுகோள்கள். தனிச்சொல்லாகக் கூறாமல் 'மல்லிகையின் மணம்' எனத் தொடரில் வைத்துச் சொல்லுங்கள். முகம் தெரியும்படி அருகில் நின்று பேசுங்கள். கருவியோடு இணையும் கம்பியில்லா ஒலிவாங்கியைக் கொண்டுவந்தால் தயங்காமல் அணிந்துகொள்ளுங்கள். தொலைவும் எதிரொலியும் விழுங்கிவிடும் குரலை அது நேரே செயலியிடம் சேர்க்கும். விழா அரங்குகளிலும் இதனை நினைவில் கொள்வோம்.

பெற்றோர்களே, கருவியின் அளவுகளைச் சீரமைக்கச் செல்லும் நாளில், எந்தத் தமிழ் ஒலிகள் குழம்புகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்க இயலாவிடில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் நினைவில் இருக்கின்றது. அச்சிறுமி இப்போதும் தமிழ்ப் பள்ளிக்கு வருகின்றாள். அவளைப் போன்ற ஒரு குழந்தையும் ஒரு 'ண'கரத்திற்காக நம் மொழியை விட்டு விலகாதிருக்கப் பார்த்துக்கொள்வது நம் கடமை.