உயிர் பறிக்காத கருவிகளும் சட்டத்தின் வரம்பும்
(உரையின் வடிவம்)

தடி, கண்ணீர்ப் புகை, நீர்ப்பீரங்கி, விலங்கு ஆகியவை உயிரைப் பறிப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்கு இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு எனச் சிலர் வினவுவதுண்டு. உயிர் போகவில்லை என்பதனாலேயே ஒரு செயல் சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடாது என்பதே அதற்கு விடை. தலையில் விழும் தடியும், அடைத்த அறையில் வீசப்படும் புகைக்குண்டும் உயிரையே குடிக்கக்கூடும்.

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் முன்பு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவில் அமைந்துள்ளது. முதலில் கலைந்து செல்லுமாறு ஆணையிட வேண்டும். அவ்வாணையை ஏற்காதபோதோ, கலைவதில்லை என்னும் உறுதி கூட்டத்தின் நடத்தையில் வெளிப்படும்போதோதான் பலப்பிரயோகத்திற்கு இடமுண்டு. ஆயுதப்படையை அழைக்க நேர்ந்தாலும், இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும் என 149ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

2011 ஜூன் 4 நள்ளிரவில், தில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்தோரைக் காவல்துறை வெளியேற்றியது. கண்ணீர்ப் புகையும் தடியும் பயன்பட்டன. 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அமைப்பாளர்களிடமும் கவனக்குறைவு கண்டது; எனினும் காவல்துறை வரம்பு மீறியதை ஏற்கவில்லை. உறங்கும் கூட்டத்தை அவ்வேளையில் எழுப்பிக் கலைக்க வேண்டிய அவசரம் இருந்ததா என்பதே அங்கு எழுந்த அடிப்படை வினா.

சிறையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. மைதானத்தில் ஓடுவதற்கு வழியுண்டு. பார்ப்பதற்குக் கண்களும் உண்டு. சிறைவாசிக்கு இவ்விரண்டும் இல்லை. திகார் சிறையில் விசாரணைக் கைதி ஒருவர் ஏறத்தாழ ஈராண்டுகள் கால்விலங்குடன் வைக்கப்பட்டிருந்தார். 1978ஆம் ஆண்டு சுனில் பத்ரா வழக்கின் தீர்ப்பு, விலங்கிடும் அதிகாரத்தை நீக்கவில்லை. ஆனால் காரணமின்றி, கால வரையறையின்றி அதனைச் செலுத்துவதைத் தடுத்தது. 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைவிலங்கு விதிவிலக்காகவே இருத்தல் வேண்டும் என்றும், காரணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது. புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவு குறிப்பிட்ட சில குற்றங்களில் கைவிலங்கை அனுமதிக்கிறது. ஆயினும், தப்பிச் செல்லாதிருக்கத் தேவையான அளவிற்கு மேல் எவரையும் கட்டுப்படுத்தலாகாது என 46ஆம் பிரிவு கூறுகிறது.

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் இதே நெறியில் நிற்கின்றன. தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டப்படியான ஆணைக்கு எதிர்ப்பு ஆகிய நிலைகளில் மட்டுமே சிறைப் பணியாளர் பலத்தைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியதை உடனே சிறை இயக்குநரிடம் அறிவிக்கவும் வேண்டும்.

ஆகவே, பொறுப்பிலுள்ள அலுவலர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு: இப்போது இது தேவையா? இதனினும் குறைந்த வழி உண்டா? தேவை தீர்ந்ததும் நிறுத்தப்பட்டதா? நடந்தது எழுத்தில் பதிவாயிற்றா? இவற்றுள் நான்காவது எளிதாகத் தோன்றும். ஆனால் மதிற்சுவருக்குள் நிகழ்ந்ததைப் பின்னொரு நாளில் நீதிமன்றம் அறிவதற்கு அப்பதிவேடே பெரிதும் துணையாகும். முறையாகச் செயற்பட்ட அலுவலருக்கும் அதுவே காப்பு.