சாயமும் செயற்கை நூலும்



கரிசலிற் பருத்தி விளைவித்த நம்மவர் இல்லங்களிலும் இன்று பாலியெஸ்டர் ஆடை மிகுந்துள்ளது. பருத்தி தீயிற் கருகுமேயன்றி உருகாது. பாலியெஸ்டரோ செல்சியஸ் 255 பாகையளவில் உருகும். ஆதலின் பழையதை உருக்கி மீண்டும் நூலாக்கலாம். கரூரில் பிளாஸ்டிக் புட்டிகளினின்று இவ்வாறு நூல் செய்கின்றனர். 2023-ஆம் ஆண்டு பிரதமர் நாடாளுமன்றத்திற்கு அணிந்து சென்ற நீல மேலங்கியின் துணி அவ்வூரினதே.

தெளிந்த புட்டி எளிதிற் பயன்படச் சாயத்துணி மட்டும் இடர் செய்வதேன்? சாயம் மேற்பூச்சன்று, 130 பாகை வெந்நீரில் அழுத்தத்துடன் இழையின் உள்ளே புகுத்தப்பெறுவது. உருக்குலையோ 280 பாகையளவினது. அங்கே சாயங்களுட் சில ஆவியாகும், சில சிதையும். எஞ்சும் நிறத்துகள்களுட் சில, குழம்பு ஆறுங்கால் முன்னதாகவே படிகமாதற்கு வித்தாகும். பல நிறம் விரவின் குழம்பு ஒருபடித்தாய் ஆறாது. நூலும் ஒருதன்மையாய் அமையாது. இதற்கு மாற்றாக, வெப்பந்தாங்கும் நிறப்பொருளை உருகிய குழம்பிலேயே சேர்க்கும் முறையும் உண்டு. அதற்குச் சாயத்தொட்டி நீர் வேண்டா.

ஆதலின், பழந்துணி வாங்கி விற்கும் நம்மவரும் இல்லத்தரசியரும் பருத்தியையும் பாலியெஸ்டரையும் வேறு பிரித்து, நிறவாரியாகக் கட்டி வைப்பாராக. திருப்பூர் சென்று உழைக்கும் நம் இளைஞர் இவ்வறிவைக் கைக்கொள்வாராயின், கழிவென்று எறிவதும் நாளை ஒரு தொழிலாகும்.