காய்கனிகளைக் கழுவுதலும் காத்து வைத்தலும்

(சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்களித்த பொருளைக் கேட்டதும், "காய் கழுவுவதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று என் வீட்டாரே நகைத்தார்கள். 2014ஆம் ஆண்டுக்கு முன்பாயின் நானும் உடன் நகைத்திருப்பேன். அவ்வாண்டு என் தங்கையின் மகனுக்குத் திடீரென வலிப்புக் கண்டது. மருத்துவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் அங்கே தங்கியிருக்கிறது என்றார். தலைமுறை தலைமுறையாகப் புலால் தொடாத குடும்பம்! தங்கை வாயடைத்து நின்றாள்.

மரக்கறி உண்பவர் மூளைக்கு அது வந்த வழி யாது? அப்புழுவைக் குடலில் கொண்ட மனிதரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. சாக்கடை நீர் பாய்ந்த நிலத்தில் விளையும் முள்ளங்கி, காரட், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. பச்சையாக உண்டால் குடலில் பொரித்து, இரத்தத்தோடு கலந்து மூளைவரை சென்றுவிடுகின்றன. மருந்தினால் சிறுவன் தேறினான். தில்லியிலோ பழி முழுவதும் முட்டைக்கோசின்மேல் விழுந்தது. அதை வாங்குவதையே நிறுத்திய வீடுகள் பல. பாவம், முட்டைக்கோசு! நன்கு வேகவைத்தால் அதனிடம் அச்சமில்லை. இலையில் ஊரும் பச்சைப் புழுவாலும் இந்நோய் வாராது. அஞ்சவேண்டியது, கழுவாத புதினாவை அப்படியே அரைத்து வைக்கும் பச்சைச் சட்டினிக்குத்தான்.

இம்முட்டைகள் மருந்து நீருக்கு எளிதில் மடிவன அல்ல. தேய்த்துக் கழுவி அகற்றவேண்டியவை. கிழங்குகளை ஓடும் நீரில் தூரிகையால் தேய்த்து, பிறகே தோலைச் சீவுக. கீரையின் வேரை அரிந்து எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் வைத்து அலசி, கீரையைக் கையால் மேலே எடுத்துவிட வேண்டும். நம்மில் பலர் கீரையோடு நீரைச் சாய்த்து வடிக்கிறோம். அடியில் படிந்த மண் மீண்டும் கீரைமேலேயே வந்து சேர்கிறது. மண் அடங்கும்வரை, குறைந்தது மூன்று முறை, நீரை மாற்றுக. பச்சையாக உண்பதாயின் கடைசி நீர் குடிநீராக இருக்கட்டும். மாடித் தொட்டியை எப்போது கழுவினோம் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கழுவிய பிறகே நறுக்கவேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து நீரோடு போகும்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2020இல் கொரோனாத் தொற்றின் அச்சத்தில் திராட்சையைச் சோப்பு நீரில் ஊறவைத்தேன். பேரன் அன்றிரவு இருமுறை வாந்தியெடுத்தான். காய்கனிகளுக்குச் சோப்பு ஆகாது. அவை அதனை உறிஞ்சிக்கொள்ளும். பூச்சிமருந்தைப் பற்றிக் கவலையுடையோர் ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, ஆப்பிளை 15 நிமிடம் வைத்திருந்து கழுவலாம். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் இவ்வாறு செய்து, தோலின் மேலிருந்த மருந்து நீங்குவதைக் கண்டனர். தோலுக்குள் ஊறியது நீங்கவில்லை.

நிற்க. வாரச் சந்தையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கழுவி வைப்பது நம்மவர் வழக்கம். ஈரம் அழுகலுக்கு வாசல்; உண்ணும் நாளில் கழுவினாற் போதும். உருளைக்கிழங்கு குளிர்சாதனப் பெட்டியில் இனித்துப் போகும். வெளிச்சத்தில் பச்சை பாய்ந்து நஞ்சாகும். இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையே அதற்கு இடம். வாழைப்பழம் குளிரில் கறுக்கும். ஆப்பிளும் பழுத்த மாம்பழமும் எதிலீன் என்னும் வாயுவை விடுவதால், அவற்றின் பக்கத்தில் வைத்த கீரை விரைவில் மஞ்சளாகும்.

கறிவேப்பிலையைத் தனியே சொல்லவேண்டும். ஊரிலிருந்து வருவோர் இரண்டு இரவு இரயிலில் மடியிற்போல் காத்துக் கொணர்வதை, நாம் நான்கே நாளில் கறுக்க விடுவது நியாயமா? ஈர்க்கிலிருந்து உருவி, கழுவாமல், நிழலில் ஈரம் போக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிரில் வையுங்கள். என் வீட்டில் இரண்டு வாரம் மணம் குறையாமல் இருக்கிறது.

அடுத்த அறையில் சிற்றுண்டியோடு வெள்ளரிக்காயும் நறுக்கி வைத்திருக்கிறார்கள். நறுக்குமுன் கழுவினீர்களா என்று வந்ததுமே கேட்டுவிட்டேன், கழுவினார்களாம்.